சின்ன ஆபீசுக்கு விண்டோஸ் டிஃபெண்டரே போதுமா?

விண்டோஸோடு இலவசமாகவே வரும் இந்த ஆன்டிவைரஸ், பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள இடத்துக்குப் போதும். ஆனால் வந்தபடியே விட்டுவிட்டால் போதாது. புது லேப்டாப்பில் வேறு ஆன்டிவைரஸின் டிரையல் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், கீழே சொல்லும் எதுவும் வேலை செய்யாது.

ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிரான 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயல்பாக அணைந்தே இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் கீழே 'மேனேஜ் ரான்சம்வேர் புரொட்டெக்‌ஷன்' வழியாகப் போய் ஆன் செய்யலாம். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றில் நம்பகமில்லாத புரோகிராம் எழுதுவதை இது தடுக்கும். கணக்கு டேட்டா டி டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தொல்லை என்னவென்றால், முறையான மென்பொருளும் மாட்டும். அப்போது 'ஃபைல் காணோம்' என்ற மாதிரி சம்பந்தமில்லாத பிழைதான் வரும். ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் 'புரொட்டெக்‌ஷன் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இன்னொன்று: இது எழுதுவதைத்தான் தடுக்கும், படித்துத் திருடுவதை அல்ல.

பெரிய ஓட்டை, ஸ்கேன் செய்யாதே என்று விலக்கிவைக்கும் எக்ஸ்க்ளூஷன்தான். சாஃப்ட்வேர் போட வருபவர் 'ஸ்லோவா இருக்கு சார்' என்று முழு ஃபோல்டரையும் ஸ்கேனிலிருந்து விலக்கிவிட்டுப் போய்விடுவார். சாதாரண யூசரும் எழுதக்கூடிய ஃபோல்டர் என்றால் மால்வேருக்கு அதைவிட வசதியான திண்ணை கிடையாது. ஒரு புராசஸை, அதாவது ஓடும் புரோகிராமை, விலக்கினால், அது எந்த ஃபோல்டரில் எந்த ஃபைலைத் திறந்தாலும் ரியல்டைம் ஸ்கேன் பார்க்காது. விண்டோஸில் கட்டளைகளை டைப் செய்யும் பவர்ஷெல்லில் டிஃபெண்டருக்கென்றே 'பெர்ஃபார்மன்ஸ் அனலைசர்' இருக்கிறது. எந்த ஃபைல் நேரத்தைத் தின்கிறது என்று அதில் பார்த்துவிட்டு அதை மட்டும் விலக்குங்கள். டவுன்லோட்ஸ், டெம்ப் (தற்காலிக ஃபைல்கள்) ஃபோல்டர்களை விலக்கவே கூடாது.

கிளவுட் சோதனை சந்தேகமான ஃபைலை இயல்பாகப் பத்து விநாடி வரை நிறுத்திவைத்து மைக்ரோசாஃப்டிடம் கேட்கும். தேவைப்பட்டால் அந்த ஃபைலே மாதிரியாக அங்கே போகும். ஆடிட்டர், வக்கீல் ஆபீஸ்களில் இது உறுத்தும். ஆனால் மாதிரி அனுப்பவே கூடாது என்று பாலிசி வைத்தால், புதிய மால்வேரை முதல் பார்வையிலேயே தடுக்கும் வசதியும் போய்விடும். தனிப்பட்ட தகவல் இருக்கலாம் என்று தோன்றும் ஃபைலுக்கு உங்களைக் கேட்டுத்தான் அனுப்பும் என்பதால், இதை ஆன் ஆகவே விடலாம். மால்வேர் டிஃபெண்டரை அணைத்துவிடாமல் காக்கும் டேம்பர் புரொட்டெக்‌ஷனில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆன்.

எந்த ஆன்டிவைரஸும் கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடுவது. 2017-இல் டிஃபெண்டர் எஞ்சினிலேயே ஒரு பிழை: அது ஸ்கேன் செய்யும்படி ஒரு ஃபைல் வந்து சேர்ந்தாலே தாக்குபவரின் கோட் ஓடும் நிலை அப்போது இருந்தது. காசு கொடுத்தால் தப்பலாம் என்றும் இல்லை. 2024 ஜூலை 19-இல் கட்டணப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது.

இலவச டிஃபெண்டரில் உண்மையான குறை, எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்தில் பார்க்கும் திரை இல்லாததுதான். எச்சரிக்கை ரிசப்ஷன் கணினியில் வந்தால் ரிசப்ஷனோடு முடிந்தது. அதற்காக வேண்டுமானால், 300 யூசர் வரையிலான 'டிஃபெண்டர் ஃபார் பிசினஸ்'க்குக் காசு கொடுக்கலாம்.