வேல்ஸ் ஹெவிவெயிட்களில் என் ஓட்டு டாமி ஃபாருக்கு

வேல்ஸ் தந்த ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டைக்காரர்களில் யார் பெரியவர் என்று பேச்சு எழுந்தால் மூன்று பெயர்கள் கட்டாயம் வரும்: ஜாக் பீட்டர்சன், டாமி ஃபார், ஜோ எர்ஸ்கின். பழைய சண்டைப் படங்களைத் தேடிப் பார்க்கும் எங்கள் கூட்டத்தில் இது தீராத வழக்கு. நான் ஃபார் கட்சி. அந்தச் சார்போடுதான் எழுதுகிறேன். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பட்டங்களை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. மூவரும் பிரிட்டிஷ் பட்டம் வென்றவர்கள், மூவரில் யாரும் உலகப் பட்டம் வெல்லவில்லை. நியூபோர்ட்காரர் டிக் ரிச்சர்ட்சனையும் சேர்க்கச் சொல்வார்கள். 1960-இல் ஐரோப்பியப் பட்டம் வென்றவர், முரட்டு ஆள். அதே ஆண்டு போர்த்காலில் பிரையன் லண்டனோடு மோதியபோது, சண்டை முடிந்த பிறகும் ரிங்குக்குள் இரு தரப்பும் கட்டிப் புரண்டது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 1956-இல் எர்ஸ்கினிடம் பாயிண்ட்ஸில் (வீழ்த்தப்படாமல், மதிப்பெண் கணக்கில்) தோற்றவர் அவர். எர்ஸ்கினுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

பீட்டர்சன் 1911-இல் கார்டிஃபில் பிறந்தவர். அப்பாவே குத்துச்சண்டை தெரிந்தவர், பயிற்சி கொடுத்தவர். 1932-இல் ரெஜி மீனை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். அதை முதன்முதலில் வேல்ஸுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். லென் ஹார்வியிடம் பறிகொடுத்து, 1934-இல் அவரிடமிருந்தே மீட்டார். பார்க்க அழகன், கூட்டத்தை இழுக்கும் ஆள். மணி அடித்ததும் பாய்ந்து போய்க் குத்துவார். அந்த வேகத்துக்கு அவர் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. உண்மையில் அவர் எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவு அளவு ஆள். அந்தப் பிரிவிலும் பிரிட்டிஷ் பட்டம் வென்றிருந்தார். கண்ணோரத் தோல் சட்டென்று கிழிந்துவிடும். 25 வயதில், கண் காயத்தால், கையுறையைக் கழற்றிவிட்டார்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்க்கும் விஷயம் இதுதான்: அடி வாங்கியபின் உடம்பு என்ன செய்கிறது? குத்தின் வலு, கால் வேகம், ஸ்டைல் எல்லாம் முதல் ஐந்து ரவுண்டுக்குப் பேசும். அந்தக் காலத்துப் பட்டச் சண்டையோ 15 ரவுண்டு. பன்னிரண்டாவது ரவுண்டில் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வடியும்போது அவ்வளவு திறமையும் பாதியாகிவிடும்.

இதை ஒப்பிட நல்ல வசதி ஒன்று உண்டு. பீட்டர்சனும் ஃபாரும் ஒருவரோடொருவர் மோதவில்லை. ஆனால் ஒரே ஆட்களோடு மோதியிருக்கிறார்கள். 1936-இல் பீட்டர்சன் தன் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கர் பென் ஃபோர்டிடம் இழந்தார். ஜெர்மன்காரர் வால்டர் நாய்சலிடம் 1935-க்கும் 1937-க்கும் இடையே மூன்று முறை தோற்றார். ஃபார் 1937 மார்ச்சில் ஃபோர்டை வென்று பட்டத்தை எடுத்தார். ஜூனில் நாய்சலை மூன்றே ரவுண்டில் படுக்க வைத்தார். நடுவில், ஏப்ரலில், முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் பேரை லண்டன் ஹாரிங்கேயில் பாயிண்ட்ஸில் வென்றார். ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: தேய்ந்துபோன பீட்டர்சனைத்தான் ஃபோர்ட் பிடித்தார். இரண்டு வருடம் முன்பு என்றால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஆனால் 25 வயதுக்குள் தேய்ந்துபோனார் என்பதே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது.

ஃபார் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் இது புரியும். ரோண்டா பள்ளத்தாக்கில், டோனிபாண்டிக்குப் பக்கத்துக் கிளிடாக் வேலில் பிறந்தவர். சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்தில் பட்ட காயத்துக்குள் கரித்தூள் புகுந்து ஆறினால் தோலில் நீலத் தழும்பு நின்றுவிடும். ஃபார் முகத்தில் அப்படிப்பட்ட தழும்புகள் உண்டு. அப்புறம் ஜோ கெஸ்ஸின் குத்துச்சண்டைக் கூடாரம். எடை பொருந்துகிறதா என்றெல்லாம் பார்க்காமல் வருகிறவனோடு மோத வேண்டிய இடம் அது. ஆரம்பத் தோல்விகளுக்கும் குறைவில்லை. 1935-இல் லைட் ஹெவிவெயிட் பட்டச் சண்டையில் எடி ஃபிலிப்ஸிடம் தோற்றார். தோற்றுத் தோற்றுத்தான் அடி எந்தக் கோணத்தில் வரும் என்று படித்தார்.

1937 ஆகஸ்ட் 30, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஜோ லூயிஸ் உலகச் சாம்பியனாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டத்தைக் காக்க அவர் போட்ட முதல் சண்டை இது. ஃபார் சில ரவுண்டுகூட நிற்க மாட்டார் என்றே பலரும் எழுதியிருந்தார்கள். படத்தைப் பாருங்கள். ஃபார் இடுப்பை வளைத்துக் குனிந்து, தலையை ஓயாமல் ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார். லூயிஸின் வலது கைக்கு நேரான இலக்கு கிடைக்கவில்லை. இடது ஜாப் (கையை நேராக நீட்டி விடும் சட்டென்ற குத்து) மட்டும் விடாமல் விழுகிறது. இரண்டு கண்ணுக்குக் கீழேயும் தோல் கிழிகிறது. பீட்டர்சனுக்கு இந்த இடத்தில் சண்டை முடிந்திருக்கும். ஃபார் முன்னேறிக்கொண்டே இருக்கிறார்.

15 ரவுண்டும் முடிந்து லூயிஸுக்கு வெற்றி என்று அறிவித்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. ரெஃப்ரி ஆர்தர் டோனோவன் 13 ரவுண்டை லூயிஸுக்கும் ஒன்றை ஃபாருக்கும் கொடுத்து ஒன்றைச் சமமாக்கியிருந்தார். நடுவர்களில் ஒருவர் 9-6, இன்னொருவர் 8-5 (இரண்டு சமம்). லூயிஸ்தான் வென்றார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபாரிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று சொல்லும் வேல்ஸ் அபிமானிகளோடு நான் சேர மாட்டேன். ஆனால் 13-1 என்பது அநியாயம். லூயிஸ் பட்டத்தைக் காத்த 25 சண்டைகளில் முழு 15 ரவுண்டு ஓடியவை மூன்றுதான்: ஃபார், 1940-இல் கொடாய், 1947-இல் வால்காட். அந்த இரவு ரோண்டாவில், விடியுமுன் மூன்று மணிக்கு, ஊரே ரேடியோ முன் உட்கார்ந்திருந்தது.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து சண்டை போட்டு ஃபார் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை: லூயிஸ், பிராடக், மறுபடி மாக்ஸ் பேர், லூ நோவா, ரெட் பர்மன். பர்மனிடமும் தோற்றதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் ஐந்துமே பாயிண்ட்ஸ் தோல்விகள்; யாரும் அவரை நிறுத்தவில்லை. குத்திலும் பெரிய வலு கிடையாது. இருந்திருந்தால் லூயிஸ் சண்டையின் கதையே மாறியிருக்கும்.

எர்ஸ்கினுக்கு வருவோம். இங்கேதான் என் கால் கொஞ்சம் ஆடுகிறது. கார்டிஃப் துறைமுகப் பகுதியான பியூட்டவுனில் 1934-இல் பிறந்தவர். மூளையால் சண்டை போடுவதில் மூவரில் முதலிடம் இவருக்குத்தான். ஹென்றி கூப்பரை 1955-இலும் 1957-இலும் வென்றார். பின்னாளில் லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனான வில்லி பாஸ்ட்ரானோவை 1959-இல் வென்றார். அடி வாங்காமல் நழுவும் கலையில் ஃபார் இவரிடம் பாடம் கேட்கலாம். ஆனால் பலமான குத்து ஒன்று சரியாக விழுந்துவிட்டால்? 1957-இல் நினோ வால்டேஸ் முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1958-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் அந்நாட்டுக்காரர் யோஹான்சன் பதின்மூன்று ரவுண்டு அடித்து அவரை விலக வைத்தார். 1959-இல் கூப்பர் பன்னிரண்டாவது ரவுண்டில் அடித்த அடியில் கீழ்க் கயிற்றின் மேல் முதுகு வளைந்து தொங்கினார்.

ஆகவே, ரிங்குக்கு வரும் பையனுக்குக் காலும் கையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று காட்ட எர்ஸ்கினைத்தான் போட்டுக் காட்டுவேன். பதினைந்து ரவுண்டு லூயிஸ் முன் நிறுத்த ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால் ஃபாரை அனுப்புவேன். 1950-இல், பணமெல்லாம் கரைந்த பிறகு, மறுபடி ரிங்கில் ஏறி 1953-இல் டான் காக்கெலிடம் தோற்ற ஃபாரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நாற்பதை நெருங்கியவரைக் காட்டி வாதாடுவது பீட்டர்சன் கட்சிக்காரர்களின் பழக்கம்.