ஆகஸ்டில் டிரவுட் சீசன் என்று சொல்லி 68,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: தீர்த்தன் போக நினைப்பவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம். இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. நாலு நாள் போனால் பாதி மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். இமாச்சலில் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறோம் என்று ஒரு பயண ஏஜென்சி என்னிடம் 68,500 ரூபாய் வாங்கியது. மீன் பிடிக்கவே முடியாத மாதத்தில் எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. முடியாது என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். ரீல்ஸ் போட்டு ஆள் பிடித்து வாட்ஸ்அப்பிலேயே புக்கிங்கை முடிக்கிற ரகம் என்று மட்டும் சொல்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இது எனக்காகப் போன பயணம் இல்லை. அப்பாவுக்கு 71 வயது. நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் அவருக்கு ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொடுத்து, போகும்போது தன் பழைய ராடையும் (தூண்டில் கம்பு) கொடுத்துவிட்டுப் போனார். லீவு நாளில் அவலாஞ்சி பக்கத்து ஓடைகளுக்கு அப்பா போவார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இதில் புழு கோர்ப்பது கிடையாது. கொக்கியில் நூலும் இறகும் சுற்றி ஆற்றுப் பூச்சி மாதிரியே செய்வார்கள், அதுதான் ஃப்ளை. அதற்கு எடையே இருக்காது, லைனின் கனத்தை வைத்துத்தான் வீச வேண்டும். அது பூ உதிர்ந்த மாதிரி தண்ணீர் மேல் உட்கார வேண்டும். டிரவுட் அதைக் கண்ணால் பார்த்து, பூச்சி என்று நம்பி மேலே வர வேண்டும். அதாவது மீனுக்குக் கண் தெரிகிற தண்ணீர் வேண்டும். தண்ணீர் கலங்கிவிட்டால் ஃப்ளை ஃபிஷிங் இல்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் ஃப்ளைகள் ஒரு தகர மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. சேவல் கழுத்து இறகும் மயில் பீலியும் சுற்றி அவரே கட்டியவை. இருபது வருஷமாகத் திறக்காத டப்பாவை இந்தப் பயணத்துக்காக எடுத்து, துருப்பிடித்த கொக்கிகளைத் தூரப் போட்டுவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து புதிதாகப் பதினொரு ஃப்ளை கட்டினார். 68,500 ரூபாயைவிட இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். ரீல்ஸில் வந்த நம்பருக்கு ஜூலை கடைசியில் மெசேஜ் போட்டேன். பத்தே நிமிஷத்தில் ஒரு பையன் தமிழில் பேசினான். "அண்ணா, நானும் பொள்ளாச்சி பக்கம்தான். அப்பாவைக் கூட்டிட்டுப் போறீங்களா? அப்ப நான் பர்சனலா பாத்துக்கறேண்ணா." பாதி அங்கேயே விழுந்துவிட்டேன். நம்ம ஊர்ப் பையன், அப்பா என்றதும் குரலே மாறுகிறதே என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அப்போதே சந்தேகம். "ஆகஸ்ட்ல மழை இருக்காதாடா? நம்ம அவலாஞ்சியிலயே ஆகஸ்ட்ல ஆத்துப் பக்கம் போக முடியாதே" என்றார். அவர் சொன்னது சரி. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அவலாஞ்சியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை அப்படியே அந்தப் பையனிடம் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, உடனே பதில் வந்தது: "அது நம்ம பக்கத்து மழைண்ணா. இமாச்சல்ல அந்த ஏரியா மழை மறைவுப் பகுதி. ஆகஸ்ட்தான் பீக் சீசன்." இமாச்சலில் மழை மறைவுப் பகுதி இருப்பது உண்மைதான். அது லாஹௌல், ஸ்பிதி, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். தீர்த்தன் இந்தப் பக்கம், குலு மாவட்டத்தில், பருவமழை நேராக வந்து மோதுகிற சரிவில் ஓடுகிறது. மேப்பைத் திறந்திருந்தால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் திறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த வாய்ஸ் நோட் வந்தது. நாற்பது விநாடி. பேச்சே இல்லை, ஆற்றுச் சத்தம் மட்டும். கல்லுக்குக் கல் தண்ணீர் வழிகிற சத்தம், நடுவில் ஏதோ ஒரு பறவை கூப்பிடுகிறது. கூடவே ஒரு வரி: "இன்னிக்குக் காலைல நம்ம கைடு எடுத்தது, அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கண்ணா." போட்டுக் காட்டினேன். அப்பா போனைக் காதோரம் வைத்து மூன்று தடவை கேட்டார். "தண்ணி நல்லாத்தான் இருக்கும் போல" என்றார். அன்றைக்கே 25,000 அனுப்பினேன், அடுத்த வாரம் மீதி 43,500. ரெண்டு பேருக்கு நாலு நாள், தங்குமிடம், கைடு, ராடு, ஆற்றுக்குள் நனையாமல் இறங்கி நிற்கப் போடுகிற வேடர் பூட்ஸ், மீன்வளத் துறை லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 68,500. விமான டிக்கெட் தனி.

டெல்லியிலிருந்து மணாலி பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, விடியற்காலையில் வழியில் ஔட் என்ற ஊரில் இறங்கி டாக்சி பிடித்தோம். லார்ஜி தாண்டியதுமே அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். தீர்த்தன் வந்துகொண்டிருந்தது. சேற்றை அரைத்துக் கரைத்த நிறம். மரக்கட்டைகள் உருண்டு வருகின்றன. டாக்சி டிரைவர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். நாங்கள் தங்க வேண்டிய குஷைனி போய்ச் சேரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹோம்ஸ்டேக்காரர் வயதானவர். அப்பாவின் கையில் ராடு உறையைப் பார்த்ததும், "சாவன் மாசத்துல யாருங்க மீன் பிடிக்க வருவாங்க?" என்று இந்தியில் கேட்டார். சாவன் அங்கே மழை மாசம், நம் ஆடி ஆவணி மாதிரி. எங்களுக்காக ரூம் போட்டவர்கள் மீன் என்று அவரிடம் சொல்லவே இல்லையாம், "சும்மா டூரிஸ்ட்" என்றுதான் சொன்னார்களாம். பக்கத்துப் பள்ளத்தாக்கான சைஞ்சில் 2023 ஜூலை வெள்ளம் கடைவீதியையே வாரிக்கொண்டு போனதைச் சொல்லி, ஆற்றுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த மனிதர் டீ கொடுத்து உட்காரவைத்துச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். காசு வாங்கியவன் சொல்லியிருக்க வேண்டியது இது. அங்கே ஆற்றில் இருப்பது பிரவுன் டிரவுட். 1909-ல் குலு பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்டது, அப்புறம் அதுவாகவே பெருகிவிட்டது. குளிர்காலத்தில் சரளைக் கல்லுக்குள் முட்டையிடும், அதனால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசிவரை பிடிக்கத் தடை. மார்ச்சில் திறக்கும்போது தண்ணீர் குறைவாக, கண்ணாடியாக இருக்கும், குளிர் மட்டும் தாங்க வேண்டும். ஏப்ரலில் பூச்சி வர ஆரம்பிக்கும், அவர் கணக்கில் அதுதான் நல்ல மாசம். மே, ஜூனில் மேலே பனி உருகும். அப்போது காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடிக் கலங்கிவிடும். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் அதைத் தொட்டதும் வெளியே வந்துவிடுவாராம். ஜூலை, ஆகஸ்ட் சுத்தமாகக் கிடையாது. செப்டம்பர் பாதிக்கு மேல் மழை விட்டு ஆறு தெளிந்தால் அக்டோபர் கடைசிவரை இன்னொரு நல்ல சீசன், முட்டையிடும் முன் மீன் நன்றாகத் தின்னும்.

இவ்வளவுதான் விஷயம். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

ராத்திரி மாடியில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா, "அந்த வாய்ஸ் நோட்டைப் போடு" என்றார். போட்டேன். ஆற்று இரைச்சலில் போனின் சத்தம் கேட்கவே இல்லை. ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தி, ஹோம்ஸ்டேக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தோம். "இது மார்ச்சாக இருக்கும், இல்லையென்றால் அக்டோபர்" என்றார். கல்லில் வழிகிற சத்தம் கேட்கிறதே, இப்போது அந்தக் கல்லெல்லாம் ஆறடி தண்ணீருக்குக் கீழே என்றார். இன்றைக்குக் காலையில் எடுத்தது என்று எந்த வாயால் அந்தப் பையன் எனக்கு அனுப்பினான்?

மறுநாள் கைடு என்று ஒரு இளைஞர் வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நாளுக்கு இவ்வளவு என்று கூலிக்கு வந்தவர். கையில் இருந்தது ஃப்ளை ராடு இல்லை, எடையுள்ள தூண்டிலை வீசுகிற ஸ்பின்னிங் ராடு. வேடர் இல்லை. லைசென்ஸ் கேட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்களைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்றார். போனோம். சிமென்ட் தொட்டி. உள்ளே வளர்ப்பு ரெயின்போ டிரவுட் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கைப்பிடி தீவனத்தைப் போட்டால் தண்ணீரே கொதிக்கிற மாதிரி துள்ளுகிறது. இதில் தூண்டில் போடலாமாம், பிடித்ததைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அப்பா அந்த ராடைக் கையில் வாங்கி, தொட்டியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்துவைத்தார். "தொட்டியில கட்டிப்போட்ட மீனை என்னத்துக்குப் பிடிக்கிறது, வா போலாம்" என்றார். மாத்திரை டப்பா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நாலு நாளும் திறக்கவில்லை.

இனி தட்டிக்கழித்த கதை. முதல் நாள் போன் செய்தேன். "வெதர் நம்ம கையில இல்லைண்ணா." மழை மறைவுப் பகுதி என்று சொன்னாயே என்றேன். "சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. ரெண்டாம் நாள் வேறொருவர், இங்கிலீஷில், "ஆபரேஷன்ஸ் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார். மூன்றாம் நாள் மெசேஜ் எல்லாம் நீல டிக் ஆகிறது, பதில் இல்லை. வாய்ஸ் நோட் எப்போது எடுத்தது என்று நாலு தடவை கேட்டேன், அதற்கு மட்டும் யாருமே பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது டெல்லி ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பி.டி.எஃப் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" 6,850 ரூபாய்க்குக் கிரெடிட் நோட். 68,500-ல் பத்தில் ஒரு பங்கு. பணமாகத் தர மாட்டார்களாம், அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்வார்களாம். அதுவும் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 28-க்குள் பயன்படுத்த வேண்டுமாம். மீன் பிடிக்கவே தடை இருக்கிற நாலு மாசம்! அதைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நான் உடனே போன் செய்தேன், நம்பரை பிளாக் செய்திருந்தார்கள். பொள்ளாச்சிப் பையனும்தான்.

68,500 ரூபாய். பில் என்று வந்தது ஒரு படம், ஜி.எஸ்.டி நம்பர்கூட அதில் இல்லை. பணம் போன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில் இருக்கிறது. இதை நான் நேற்றுத்தான் உற்றுப் பார்த்தேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் குலு பக்கம் டிரவுட் பிடிக்கலாம் என்று எவன் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் அதேதான். போட்டோவையும் சத்தத்தையும் நம்பாதீர்கள், வீடியோ கால் போட்டு அந்த நிமிஷமே ஆற்றைக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட, தங்கப்போகிற இடத்துக்காரரிடம் நேராகப் பேசுங்கள், நான் ஒரு போன் செய்திருந்தால் அந்தப் பெரியவரே வராதீர்கள் என்று சொல்லியிருப்பார். லைசென்ஸை முன்கூட்டியே உங்கள் பெயரில் கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

இதே மாதிரி வாய்ஸ் நோட் வேறு யாருக்காவது வந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புகார் நிற்கும். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியாகிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம் என்பதால் இங்கே கோயம்புத்தூரிலேயே கொடுக்கிறேன். பேங்க் திறக்கிற நேரம், ஸ்டேட்மென்ட் வாங்கக் கிளம்புகிறேன்.