குடும்ப ஆலோசனைக்குக் கைக்காசு: 22 மாத அனுபவம்

மாமனார் காலமான பிறகு, சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணத்தில் மாமியாரோடு வந்து சேர்ந்தோம். சில மாதங்களிலேயே, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினாள். பிறகு எங்களிடம் பேசுவதும் குறைந்துபோனது. தெரிந்த மருத்துவர் ஒருவர், அவளை மட்டும் அழைத்துப் போகாமல் நால்வருமாகச் சேர்ந்து ஓர் உளவியலாளரைப் பார்க்கச் சொன்னார். தஞ்சாவூரில் ஒருவர் கிடைத்தார். 75 நிமிட அமர்வுக்குக் கட்டணம் 1,200 ரூபாய்.

கணவரின் நிறுவனம் எடுத்துத் தந்திருக்கும் குழுக் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு என்பதால் முதலில் அதைத்தான் நம்பினோம். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கான சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் சட்டம் பேசுவது மன நோயைப் பற்றி. எங்கள் கிளைமில் நோய் எங்கே என்று கேட்டார்கள். படிவத்துக்கு ஒரு நோயாளியின் பெயரும், ஒரு நோயின் பெயரும், அதற்குரிய குறியீடும் தேவைப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் குடும்பச் சிக்கல்களுக்கு இசட்63 என்ற குறியீடு இருக்கத்தான் செய்கிறது. அது நோயைக் குறிப்பதல்ல என்பதால் கிளைம் திரும்பி வந்தது. தொலைபேசியில் பேசிய அலுவலர் நல்லெண்ணத்தோடுதான் வழி சொன்னார்: "பாப்பா பேர்ல டிப்ரஷன்னு எழுதி வாங்கிடுங்க மேடம், பாஸ் ஆயிடும்."

அவளுக்கு மனச்சோர்வு இருப்பதாக உளவியலாளர் சொல்லவே இல்லை. இல்லாத நோயை 1,200 ரூபாய்க்காக அவள் பெயரில் எழுதி வாங்கினால், நாளை அவளே ஒரு பாலிசி எடுக்கும்போது முந்தைய சிகிச்சைகள் பற்றிய கேள்விக்கு அதையும் சேர்த்துப் பதில் எழுத வேண்டியிருக்கும். அது போகட்டும், தாளில் நோயாளி என்று அவளை எழுதிவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து 'பிரச்சினை உன்னிடம் இல்லை' என்று அவளிடமே சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. காப்பீட்டை விட்டுவிட்டோம்.

இதில் நாங்கள் எதிர்பாராத பலன் மாமியார் வழியாக வந்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று முதல் இரண்டு அமர்வுகளுக்கு வர மறுத்தவர், ரசீதில் எவர் பெயருக்கு நேரேயும் நோய் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதைக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்த பிறகு மூன்றாவதற்கு வந்தார். ஐந்தாவது அமர்விலிருந்து, தம் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து பாதிக் கட்டணத்தைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்தவர் பேசாமல் இருப்பாரா? "காசு குடுத்துட்டுச் சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ல வந்தேன்?" என்றுதான் அவருடைய முதல் நீண்ட பேச்சு தொடங்கியது.

ஆறாவது அமர்வில், வீட்டில் சாப்பிட உட்காருவதுபோலவே நாற்காலிகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் உளவியலாளர். மாமியாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக நின்றது. அது மகளுடையது. "பாட்டிகிட்ட சொல்லு, அம்மாகிட்ட கேளு, எல்லாமே என் வழியாத்தான் போகுது" என்றாள் அவள். இருவருக்கிடையிலான இறுக்கத்தை மூன்றாவது ஆளின் மேல் ஏற்றிவிடும் இந்தப் பழக்கத்தை, குடும்ப சிகிச்சை முறையை வளர்த்தவர்களில் ஒருவரான முர்ரே போவன் முக்கோணம் என்று விளக்கியிருக்கிறார். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி எளிமையானது: இரண்டு வாரத்துக்கு அவள் மூலம் ஒரு செய்தியும் அனுப்பக் கூடாது. காஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா என்று மாமியார் என்னிடம் நேராகக் கேட்பதற்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் சிலிண்டரும் தீர்ந்துபோனது.

குறைகளும் உண்டு. இரண்டாம் ஆண்டில் கட்டணம் 1,500 ஆனது. கார்த்திகை மழையில் பேருந்து கிடைக்காமல் தவறிய ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1,200 வீதம் 19, 1,500 வீதம் 12 என்று நடந்த 31 அமர்வுகளோடு அந்த 600ஐயும் சேர்த்தால் 41,400 ரூபாய், பயணச் செலவு தனி. இன்னும் எத்தனை அமர்வு, எதற்காக என்று கேட்க வெளியார் ஒருவரும் இல்லாததால், கடைசி ஐந்தாறு அமர்வுகள் பழக்கத்தின் பேரிலேயே நடந்தன. பத்தாவது அமர்விலேயே அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

வீட்டில் ஒருவருக்கு உண்மையாகவே மன நோய் இருந்து, மருந்தோ மருத்துவமனைச் சேர்க்கையோ தேவைப்படுமானால் நாங்கள் செய்ததைப் பின்பற்றக் கூடாது; காப்பீடு அதற்குத்தான் இருக்கிறது. பணத்துக்கு வழியில்லாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ முதலில் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்பவரிடம், அவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் கேட்டபோது எங்கள் உளவியலாளர் முகம் சுளிக்கவில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும் என்று மாற்றிக்கொண்டோம். 750 மாமியார் தருகிறார், 750 நாங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது.