சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு விலை மதிக்க ஆள் தேடியது

அம்மா தவறிப்போய் ஏழு மாதம் கழித்துத்தான் சிங்கப்பூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போக முடிந்தது. அங்கே சாட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்கிளிஃப் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டில் தம்பி தொடர்ந்து இருக்க ஆசைப்பட்டான். அதில் எனக்குச் சேர வேண்டிய பாதியை அவனே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. விலை கூடினால் அவன் தலையில் கடன், குறைந்தால் எனக்கு நஷ்டம். எங்கள் இருவருக்கும் நடுவில் காசு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே பயம்.

முதலில் வீடு விற்கும் ஏஜென்ட் ஒருவரைக் கூப்பிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. இலவசமாக மதித்துத் தருகிறேன் என்று வந்தவர், கேட்டருகே நின்றபடியே "13 லட்சம் ராண்ட் போகும்" என்றார். மாடி ஏறவில்லை. அன்று ராத்திரி தம்பி சரியாகச் சாப்பிடவில்லை.

1960களில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து கிளப்பப்பட்டு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. நகராட்சி கட்டிக்கொடுத்த, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் எல்லாம் அப்போது ஒரே அச்சு. அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் கையில் காசு சேரும்போதெல்லாம் ஒரு அறை, ஒரு படி, ஒரு வராந்தா என்று கட்டிக்கொண்டே போனது. அப்படிப்பட்ட வீட்டைத் தெருவில் நின்று எப்படி மதிக்க முடியும்?

ரேட்ஸ் பில்லில், அதாவது நகராட்சி வீட்டு வரி பில்லில், உள்ள தொகையும் உதவவில்லை. அது வரி போடுவதற்காக ஊர் மொத்தத்துக்கும் ஒரே தேதியில் போட்ட கணக்கு. அந்தப் பட்டியல் நான்கு வருடம் வரை ஓடும்.

எஸ்டேட் வேலை, அதாவது அம்மா விட்டுப்போன சொத்தைப் பிரிக்கும் வேலை பார்க்கும் வக்கீல்தான், சொத்துக்கு விலை மதிக்கும் பதிவு பெற்ற வேல்யூவரைத் தேடச் சொன்னார். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்கள் ஒரு தொழில் சபையில் பதிந்திருக்க வேண்டும். 'கேண்டிடேட்' என்னும் பயிற்சி நிலையில் இருப்பவர் என்றால் மேலே பொறுப்பேற்கும் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். மூன்று பேருக்குப் போன் போட்டேன். பதிவு எண் என்ன, சாட்ஸ்வொர்த்தில் அண்மையில் எத்தனை வீடு மதித்தீர்கள், கட்டணம் எதை வைத்து, இவ்வளவுதான் கேட்டேன். ஒருவர், "ஆன்ட்டி, உங்களுக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கபடி எழுதலாம்" என்றார். அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டேன். மூன்றாமவர் பதிவு எண்ணைத் தயங்காமல் கொடுத்தார். வீட்டு விலை எவ்வளவு வந்தாலும் கட்டணம் 3,500 ராண்ட்தான் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினார். எண்ணைச் சபையிடம் சரிபார்த்துவிட்டு அவரை வரச் சொன்னேன்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆன்ட்டி, அம்மா தவறின தேதி என்ன?" எஸ்டேட்டுக்கு இன்றைய விலை இல்லையாம், அன்றைய விலைதான் கணக்காம். இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் இருந்தார். சாமி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் அதையும் அளந்தார். பக்கத்து வீட்டோடு ஒட்டிய அடுப்படிச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தார். பின்பக்கம் மண்ணைத் தாங்கும் சுவரில், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு விட்ட விரிசல் ஒன்று உண்டு. குந்தி உட்கார்ந்து, அதன் மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார். பிறகு நகராட்சி ஒப்புதல் பெற்ற பிளானை விரித்து, அப்பா கட்டிய பின்னறையைக் காட்டி, "இது பிளான்ல இல்லையே" என்றார். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் பேங்க் அதைக் கேட்கும், மற்ற அறைகள் மாதிரி அதற்கு முழு மதிப்புப் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அப்பா வார இறுதிகளில் தானே கல் அடுக்கிய அறை அது. மனசு கனத்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம்.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது: 9 லட்சத்து 80 ஆயிரம் ராண்ட். அக்கம்பக்கத் தெருக்களில் விற்ற மூன்று வீடுகளின் தேதியும் விலையும் அதில் இருந்தன. ஒன்றில் இரண்டு கார் நிற்கும் கராஜ், ஒன்று சரிவில் இருப்பது என்று எங்கள் வீட்டிலிருந்து அவை எங்கே வேறுபடுகின்றன, அதற்கு எவ்வளவு கூட்டினார், எவ்வளவு கழித்தார் என்பதும் தெளிவாக இருந்தது.

தம்பி அதை மேசையில் வைத்து வரிவரியாகப் படித்தான். கடைசிப் பக்கம் வந்ததும், "அக்கா, இது எனக்குச் சரி. உனக்கு?" என்றான். எனக்கும் சரிதான் என்றேன். நான் விமானம் ஏறுவதற்குள், பின்னறைக்குப் பிளான் வரைய ஆள் பேசிவிட்டான்.