கிளினிக் மேசைக்கும் மெஸ் டேபிளுக்கும் கிருமி எதிர்ப்பு பாலிஷ்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கோவிட்டுக்குப் பிறகு சென்னையில் இன்டீரியர் கொட்டேஷன்களில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது: ‘ஆன்டிமைக்ரோபியல் ஃபினிஷ்’. கீழ்ப்பாக்கத்தில் பல் கிளினிக் என்றாலும் சரி, ஓ.எம்.ஆரில் அலுவலக கேன்டீன் என்றாலும் சரி, சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷுக்கு ஒரு ரேட், சில்வர் அயன், அதாவது வெள்ளி அயனி, கலந்த பி.யூ.வுக்கு அதற்கு மேல் ஒரு ரேட். கூடுதல் காசு எதற்கு என்று கேட்டால், “99.9 பர்சென்ட் கிருமி செத்துடும் சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 99.9 பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேசத் தரச் சோதனையிலிருந்து வருவது. ஜப்பான்காரர்கள் 2000-இல் கொண்டுவந்த ஜே.ஐ.எஸ். இசட் 2801 என்ற தரம்தான் இதற்கு மூலம். பூச்சு அடித்த சிறு சதுரத் துண்டில் பாக்டீரியா கலந்த திரவத்தை விடுவார்கள். அது காய்ந்துவிடாமல் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடுவார்கள். 35 டிகிரி சூடு, 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம், 24 மணி நேரம். பிறகு, மருந்து கலக்காத துண்டோடு ஒப்பிட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள்.

சோதனையில் குறையில்லை. ஆனால் மதிய நேரத்து மெஸ்ஸில் ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தால், அடுத்தவர் வந்து உட்கார ஐந்து நிமிடம்கூட ஆகாது. மேசைக்கு ஏது 24 மணி நேரம்? இன்னொன்று, வெள்ளி அயனி வேலை செய்ய ஈரம் வேண்டும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். காற்றில் ஈரம் இருப்பது வேறு, மேசை மேல் நீர்ப்படலம் நிற்பது வேறு. அதிலும் கிளினிக், ஆபீஸ் எல்லாம் பகல் முழுக்க ஏ.சி.; மேற்பரப்பு காய்ந்துதான் கிடக்கும். அப்புறம், 22196 பாக்டீரியாவுக்கான சோதனை மட்டுமே. வைரஸுக்கு ஐ.எஸ்.ஓ. 21702 என்று 2019-இல் தனியாக வந்தது. பிரோஷரில் வைரஸ் படத்தைப் போட்டுவிட்டு கீழே 22196 என்று மட்டும் அச்சடித்திருந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. சில்வர் அயன் பி.யூ.வில் வெள்ளி, படலத்துக்குள்ளேயே கலந்திருக்கும். கடைசியாக அடிக்கும் மேல் பூச்சில் இருந்தால் போதும். சீலரில், அதாவது முதலில் அடிக்கும் அடிப்பூச்சில், கலப்பது வீண். துடைத்தால் உடனே போய்விடாது, இது இதன் பெரிய பலம். பலவீனம், குளோரைடும் கந்தகமும் வெள்ளியின் வேகத்தைக் குறைக்கும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, பிளீச்சிங் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதாவது எங்கே அதிகம் கை படுகிறதோ, எங்கே அதிகம் துடைக்கிறோமோ, அங்கேதான் இது சீக்கிரம் சோர்ந்துபோகும். வெள்ளை, ஐவரி நிற ஃபினிஷ்களில் வெளிச்சம் பட்டு லேசாகப் பழுப்படிக்கவும் வாய்ப்பு உண்டு. தேக்கு நிறத்தில் அது தெரியாது.

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கிற சாமான்கள் மேல் ஆள் வந்து ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகும் ‘குவாட் சிலேன்’ வகை. குவாட் என்பது ஒரு கிருமிநாசினி ரசாயனம், சிலேன் அதை மேற்பரப்பில் ஒட்டவைப்பது. மாதக்கணக்கில் நிற்கும் என்பார்கள். கிருமி நேரடியாக அதன்மேல் பட்டால்தான் இது வேலை செய்யும். நடுவில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் முடிந்தது கதை. நாம் துடைக்கப் பயன்படுத்தும் பல சோப்புத் திரவங்களும் இந்தக் குவாட் ரசாயனத்தை முடக்கிவிடும். ஓட்டல் மேசைக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஆபீஸ் மேசைக்கும் யோசிப்பேன்.

டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி கலந்த எதையாவது யாராவது மலிவாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் கை கழுவும் சோப்புகளிலிருந்தே அதை விலக்கச் சொன்னது.

மூன்றாவது ஆள், எந்த விளம்பரமும் இல்லாத சாதாரணப் பாலிஷ். என் பார்வையில் உண்மையான போட்டி இங்கேதான். கிருமியைப் பூச்சு கொல்லுமா என்பதைவிட, தினமும் நான்கு முறை கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் அந்தப் பூச்சு பிழைக்குமா என்பதுதான் கடைக்காரருக்கு முக்கியம். பிரெஞ்சு பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுவது. சானிடைசரும் ஸ்பிரிட்தான், ஆகவே பாட்டில் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் கொஞ்சம் தாங்கும், ஆனால் தின்னர் பட்டால் கரைந்துவிடும். மெலமைன் பாலிஷ் கெட்டியானது, விலையும் பி.யூ.வைவிடக் குறைவு. ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும்போது மூட்டுகளில் மயிரிழைக் கீறல் விடும். அதிலிருந்து வரும் நெடி ஃபார்மால்டிஹைடு. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2004-இலேயே அதை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலான முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. குழந்தைகள் மருத்துவமனைக்கு நான் மெலமைன் போடச் சொல்வதில்லை.

ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரண்டு பாக பி.யூ. ஸ்பிரிட்டுக்கும் சோப்புக்கும் அசையாது. நீர்த்த பிளீச்சையும் ஓரளவு தாங்கும், கடைசியில் வெறும் தண்ணீரால் ஒரு தடவை துடைத்துவிட்டால். இடைவெளி இல்லாத வழுவழுப்பான படலம் என்பதால் அழுக்கு ஒளிய இடமில்லை, துணி பட்டதும் வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் துணியும் ஒரு நிமிடத்தில் செய்வதைத்தான் வெள்ளி ஒரு நாள் எடுத்துக்கொண்டு செய்யப் பார்க்கிறது. நெடி தாங்காத, இரவில் மட்டும் வேலை நடக்கக்கூடிய கிளினிக் என்றால் தண்ணீரில் கலக்கும் பி.யூ. போடலாம். அதிலும் கிராஸ்லிங்கர், அதாவது படலத்தைப் பின்னி இறுக்கும் திரவம், சேர்க்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

பாலிஷ் எங்கே முதலில் தோற்கிறது என்று பார்க்க மேசையின் நடுவைப் பார்க்காதீர்கள். வெயிட்டிங் ஹால் நாற்காலியின் கைப்பிடி நுனியைத் தடவிப் பாருங்கள். விரல்கள் மடங்கிப் பிடிக்கும் அந்த அடிப்பக்கத்தில் ஸ்ப்ரே சரியாகப் போயிருக்காது, சாண்டிங்கும் அரைகுறையாக இருக்கும். சொரசொரப்பில் வியர்வை ஊறிக் கறுப்பாகியிருக்கும். எந்த விலையுயர்ந்த பூச்சு வாங்கினாலும் இந்த இரண்டு அங்குலத்தில்தான் அழுக்கு குடியிருக்கிறது. உப்புத்தாளோடு இன்னொரு பத்து நிமிடம் உட்காரும் பெயிண்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், தாராளமாக.

நான்காவது, லேமினேட். நம் ஊர்ப் பேச்சில் மைக்கா. கிருமி எதிர்ப்பு லேமினேட்டும் கிடைக்கிறது. சாதாரண நல்ல லேமினேட்டே மெஸ் டேபிளுக்குப் போதும் என்பேன். சூடான சாம்பார் கிண்ணம், எலுமிச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் மரப் பாலிஷைவிட நன்றாகத் தாங்கும். இதற்கு எமன் ஓரம்தான். ஓரத்தில் ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்ட் கிளம்பினால் உள்ளே தண்ணீர் இறங்கி பலகை ஊதும், நாற்றம் வரும், அங்கே எந்த வெள்ளியாலும் ஒன்றும் ஆகாது.

கை அதிகம் படும் இடத்துக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும் என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தால், பித்தளைக் கைப்பிடி போடலாம். பித்தளை போன்ற செம்புக் கலவைகள் இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீத பாக்டீரியாவைக் கொல்லும் என்ற உரிமைகோரலை அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. 2008-இல் பதிவு செய்தது. ஆனால் கடையில் பளபளக்கும் பித்தளைப் பிடியில் பெரும்பாலும் லாக்கர் பூசியிருப்பார்கள், அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் செம்பு சும்மாதான் இருக்கும். லாக்கர் இல்லாததை வாங்கினால் கடற்காற்றில் கறுக்கும். கறுத்தால் பரவாயில்லை என்கிற ஓனர் அமைய வேண்டும்.

அப்படியானால் மருந்து கலந்த பூச்சுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, பூஞ்சைக்கு. சென்னையில் மரச்சாமானைக் கெடுப்பது பாக்டீரியா இல்லை, ஐப்பசி கார்த்திகைப் பூசணம்தான். வெள்ளிக்கிழமை மாலை ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போனால், திங்கட்கிழமை ஃபைல் அலமாரியைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடிக்குமே, அதுதான். சுவரோடு ஒட்டிய பின்பலகை, சிங்க்குக்குக் கீழ் உள்ள கேபினட், டிராயரின் அடிப்பக்கம், இங்கெல்லாம் பூஞ்சைக்கொல்லி சேர்ந்த சீலர் அடித்தால் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். அதற்கான சோதனை வேறு: ஏ.எஸ்.டி.எம். ஜி21 அல்லது ஐ.எஸ்.ஓ. 846 அறிக்கை கேளுங்கள். பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கத்துக்கு மட்டும் சில்வர் பாலிஷ் போடுவது, கூரை ஒழுகும்போது வாசலுக்குக் கோலம் போடுகிற மாதிரி. ஆயுத பூஜைக்குக் கடை மேசையைப் பளபளப்பாக்க ஆளி விதை எண்ணெய் தடவுவதையும் விட்டுவிடலாம். அடுத்து வரும் மழைக்கு அது பூஞ்சைக்கு வைத்த விருந்து.

ஆக, மெஸ்ஸுக்கு லேமினேட்டும் மூடிய ஓரமும். பல் கிளினிக், கோ-ஒர்க்கிங் இடங்களுக்கு இரண்டு பாக பி.யூ., ஆறு பக்கமும். பட்ஜெட் தாராளமாக இருந்து, துடைக்கும் ஆளும் ஒழுங்காக இருந்தால் அதன்மேல் சில்வர் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. துடைக்க ஆள் இல்லையே என்பதற்காக சில்வர் போடுகிறேன் என்றால் வேண்டாம். அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட பொருள்கள், பதிவு செய்யாத வரை, ‘இந்தச் சாமானைக் காக்கும்’ என்றுதான் சொல்லிக்கொள்ளலாம், ‘உங்களை நோயிலிருந்து காக்கும்’ என்று சொல்லக் கூடாது.

தேதி விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பி.யூ. மறுநாளே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மழை நாளில் அடித்தால் ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் குமிழ் விடும். திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று என்றால், அதற்கு ஒரு வாரம் முன்பே கடைசி கோட் முடிந்திருக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். அடிக்கும் பெயிண்டருக்கு நல்ல மாஸ்க்கும் அதே தாளில் இருக்கட்டும். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமா வரவைக்கும்.