பறவை பார்க்கக் கற்பவர்களுக்குப் பொம்மை வாத்து: எது தேறும், எது தேறாது

வேட்டையின்போது காட்டு வாத்துகளை ஈர்ப்பதற்காக அயல்நாடுகளில் செய்யப்படும் மிதக்கும் பொம்மை வாத்துகளுக்கு, அவை செய்யப்பட்ட நோக்கத்தில் நம் ஊரில் வேலை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காட்டு வாத்தைச் சுடுவதையும் பொறி வைத்துப் பிடிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. எனினும், பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு மாணவர்களைப் பழக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, பறந்துபோகாத வாத்து ஒன்று கிடைப்பது பெரிய உதவி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் பண்ணைக் குட்டையில் மிதக்கவிட்டு, எதிர்க்கரையிலிருந்து இருநோக்கியில் இனம் காணச் சொல்வதற்காக மூன்று வகைப் பொம்மைகளை வாங்கினோம். அவற்றைப் பற்றிய மதிப்பீடு இது.

இணையத்தில் எளிதில் கிடைப்பது மல்லார்டு வாத்துத் தொகுப்பு. ஆறு பொம்மைகளுக்குச் சில ஆயிரங்கள் கேட்கிறார்கள். வார்ப்பு நேர்த்தியாக இருக்கிறது, இறகு வரிகள் துல்லியமாக இருக்கின்றன. ஆயினும் எங்கள் தேவைக்கு இதுவே மிகவும் பயனற்றது. நாட்டு வாத்துகளின் மூதாதையான மல்லார்டு வட இந்தியாவுக்கு வலசை வரும் பறவை. ஊசுடு ஏரியிலோ பாகூர் ஏரியிலோ அதை எதிர்பார்த்து எவரும் போவதில்லை. ஆண் மல்லார்டைப் போலப் பச்சைத் தலையோடு இங்கே குளிர்காலத்தில் தென்படுவது பெரும்பாலும் தட்டைவாயன் வாத்தின் ஆண். அகன்ற கரண்டி போன்ற அலகும், வெண்மார்பும், செம்பழுப்பு விலாவும் அதன் அடையாளங்கள். மல்லார்டு பொம்மையில் பழகிய மாணவர் பச்சைத் தலையைக் கண்டவுடன் மல்லார்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார் என்பதால், ஆண் பொம்மைகளை ஒதுக்கிவிடுவதே நல்லது. பெண் பொம்மைகளை வீணாக்க வேண்டியதில்லை. புள்ளிமூக்கு வாத்தும் ஏறத்தாழ அதே உருவளவு கொண்டது என்பதால், அலகைக் கறுப்பாக்கி, நுனியில் மஞ்சளும் அடியில் சிவப்புப் புள்ளியும் இட்டு, சிறகின் பின்பகுதியில் வெள்ளைப் பட்டையை வரைந்தால் நம் ஏரி வாத்து ஒன்று கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கின் மேல் வண்ணம் நிற்காது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான அடிப்பூச்சு கொடுத்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும்.

இரண்டாவதாக வாங்கிய ஊசிவால் வாத்துகளே கொடுத்த காசுக்கு முழுப் பயன் தந்தன. காப்பிக்கொட்டை நிறத் தலையும், கழுத்தோரம் மேலேறும் வெண்கோடும், நீண்ட வாலும் தொலைவிலேயே தெளிவாகத் தெரிகின்றன. பெண் பறவைகளும் தொகுப்பில் இருப்பது முக்கியம். ஏனெனில் கணக்கெடுப்பில் திணறடிப்பவை ஒன்றுபோலத் தோன்றும் பழுப்புப் பெண் வாத்துகளே. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மங்கலான இறகுக்கு மாறும் ஆண் வாத்துகளில் பல, அக்டோபரில் இங்கு வந்து இறங்கும்போதும் அந்தக் கோலத்திலேயே இருப்பதால், பருவத் தொடக்கப் பயிற்சிக்குப் பெண் பொம்மைகளை மட்டும் மிதக்கவிடலாம்.

உண்மைத் தோற்றம் என்று விற்பவர்கள் சொல்வது கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியும் நுணுக்கத்தை. நூறு மீட்டருக்கு அப்பால் அந்த இறகு வரிகள் எவையும் தெரிவதில்லை. அங்கே உண்மையைத் தீர்மானிப்பவை உருவளவு, தலையின் நிலை, நீரில் அமிழும் ஆழம், பளபளப்பின்மை ஆகிய நான்குதான். வேட்டைக்காரர்களுக்காக வேண்டுமென்றே பெரிதாக்கிச் செய்யும் ‘மேக்னம்’ அளவு நமக்கு ஆகாது; அதன் அருகில் நீலச்சிறகி என்னும் சிறிய வாத்து வந்து இறங்கினால் அது இன்னும் குட்டியாகத் தெரியும், மாணவரின் அளவுணர்வு குழம்பும். எல்லாத் தலைகளும் விறைப்பாக உயர்ந்திருக்கும் தொகுப்பையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது மிரண்ட கூட்டத்தின் தோற்றம். தலையை முதுகில் புதைத்து உறங்குவது, நீரில் அலகை விட்டு மேய்வது எனக் கலந்திருக்க வேண்டும். பறவைகளுக்குப் புறஊதா ஒளி தெரியும் என்பதால் அதற்கேற்ற சிறப்புப் பூச்சோடு கூடுதல் விலையில் விற்கும் வகையும் உண்டு. நாம் ஏமாற்றப் பார்ப்பது வாத்தை அல்ல, எட்டாம் வகுப்பு மாணவரை. அந்தச் செலவு வேண்டாம்.

பொம்மையின் அடியில் நீட்டிக்கொண்டு அதை நிமிர்த்தி வைக்கும் அடிப்பட்டையைக் கவனிக்காமல் வாங்கக் கூடாது. உள்ளீடற்ற, நீர் புகுந்து எடை கூடும் அடிப்பட்டை கொண்டவை தூக்கிச் செல்ல இலகுவானவை; ஆனால் கரையிலிருந்து எறிந்தால் சில கவிழ்ந்தபடியே கிடக்கும். மணலோ வேறு எடையோ அடைத்த அடிப்பட்டை கொண்டவை தாமே நிமிர்ந்துவிடும். பருவமழைக் காலத்து வாடைக்காற்றில் இந்த இரண்டாம் வகையே நிலைக்கிறது. கயிற்றை அடிப்பட்டையின் முன்துளையில் கட்டினால் பொம்மை காற்றை எதிர்நோக்கித் திரும்பும். உயிர் வாத்துகளும் காற்று வலுத்தால் அப்படித்தான் அமர்கின்றன.

மூன்றாவது வகை கடையில் கிடைப்பதன்று. திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை என்பது பலருக்குத் தெரியும்; அந்தக் கைவினை தெரிந்த ஒருவரிடம் படங்களைக் கொடுத்துச் சீழ்க்கைச்சிறகி வாத்துகளைச் செய்து வாங்கினோம். நிறமும் கழுத்தின் வளைவும், ஆலையில் வார்த்த எந்தப் பொம்மையிலும் நான் காணாத அளவுக்குப் பொருந்தின. வழக்கமான வார்னிஷ் பூச்சு வெயிலில் மின்னும் என்பதால் மங்கல் பூச்சு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றைத் தண்ணீரில் விட முடியாது. ஆனால் சீழ்க்கைச்சிறகிகள் பகலில் கரையோரம் கூட்டமாக ஓய்வெடுக்கும் இயல்புடையவை. ஆகவே வரப்பில் வைத்தாலே காட்சி இயல்பாக அமைந்துவிடுகிறது.

நங்கூரத்துக்குத் தூண்டில் கடை ஈயக்குண்டுகளை வாங்க வேண்டாம். அறுந்து சேற்றில் விழும் ஈயம் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சு. பழைய இரும்பு நட்டுகள் போதும். ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகள் சரணாலயம். படமெடுக்கப் பறவைகளை அருகில் இழுக்கலாம் என்று எவரும் இந்தப் பொம்மைகளை அங்கே கொண்டுசெல்லக் கூடாது. தனியார் குட்டையிலும் வகுப்பு முடிந்ததும் அவற்றை எடுத்துவிடுகிறோம்.