பீக் ஃப்ளோ மீட்டர்: வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் ஒரு ஆஸ்துமா நோயாளியின் அனுபவம்

ஆஸ்துமாவுக்காக இன்ஹேலர் எடுப்பவர்கள் யார் கேட்டாலும் நான் தயங்காமல் வாங்கச் சொல்வது பீக் ஃப்ளோ மீட்டரைத்தான். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம் என்பதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் பிளாஸ்டிக் குழல் அது. சாதாரண வகைக்கு பேட்டரிகூட வேண்டாம். பல வருடங்களாகக் காலையும் இரவும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன் ஊதிவருகிறேன்.

ஊதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முள்ளை அடிக்குத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதடுகளால் குழலை இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். விரல் குறுக்கே இருந்தால் முள் நகராது. எச்சில் துப்புவதுபோல ஊதினால் எண் பொய்யாக ஏறிவிடும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது.

நன்றாக இருக்கும்போது எனக்கு 450 வரும். அதில் 80 சதவீதமான 360-க்குக் குறையாதவரை பச்சை. பாதியான 225-க்குக் கீழே போனால் சிவப்பு. தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. நடுவில் இருப்பது மஞ்சள். ஒரு போகிப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் இழுப்பு, இருமல் எதுவும் இல்லை. முள் மட்டும் 330-இல் நின்றது. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தபடி அப்போதே மருந்தைக் கூட்டினேன். மாலையில் இருமல் வந்தது, ஆனால் முற்றவில்லை. இந்த முன்னெச்சரிக்கைக்காகவே இதை வாங்கலாம்.

ஆனாலும் இது, கருவியில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு ஈடாகாது. சிறிய மூச்சுக்குழாய்களின் அடைப்பு இதில் தெரியாமல் போகலாம். ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடியில் வெளியேறும் காற்றையும் மொத்தக் காற்றையும் தனித்தனியே அளக்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தைக் கொடுத்துச் சுமார் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். ஒரு பரிசோதனைக்கூடத்தில் அவசர அவசரமாக இரண்டு முறை ஊதவைத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. குறைந்தது மூன்று முறையாவது சரியாக ஊதினால்தான் அந்த அறிக்கையை நம்ப முடியும். நல்ல டெக்னீஷியன் பக்கத்தில் நின்று, "விடாதீர்கள், இன்னும் ஊதுங்கள்" என்று கடைசிவரை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மீட்டரை மாற்றினால் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். கருவிக்குக் கருவி அளவு மாறும். உடம்பு சீராக இருக்கும் இரண்டு வாரங்கள் புதியதில் ஊதி, உங்கள் உச்ச அளவைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.